நிலையக் கடிகாரத்தை யாராவது பூஜ்யமாக்குவார்களா?

திண்டுக்கல் ரயில் சந்திப்புக்கு மதுரை, திருச்சி, கரூர், பழநி என்று நான்கு திசைகளிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. நடைமேடைக் கடிகாரம் காட்டும் நேரம் எல்லா வண்டிகளுக்கும் பொது. பழநி வண்டி புறப்படும்போது அந்தக் கடிகாரத்தை ஒருவர் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தால் மதுரை வண்டிக்காரர் கதி என்ன?

சிரிக்காதீர்கள், மாணவ நண்பர்களே. ஸ்கிராட்ச் மென்பொருளில் நம்மில் பலர் செய்வது இதைத்தான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், உங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசி அலகில் அறிமுகமாகிறது. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் தயார். பூனையை நடக்க வைப்பதோடு நிறுத்திவிடாமல் அதைக்கொண்டு தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்து பாருங்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பலரும் முதலில் எழுதுவது இப்படி: ‘1 விநாடி காத்திரு, எண்ணிக்கையில் 1 கூட்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்.’ பார்வைக்குக் கடிகாரம் போலவே இருக்கும். ஆனால் ஸ்கிராட்ச் தன் திரையை விநாடிக்குச் சுமார் 30 முறை புதுப்பிக்கிறது. காத்திருப்பு முடிந்ததா என்று அந்தந்த முறைதான் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு ‘விநாடி’யும் சற்று நீளும், விநாடியில் 30இல் ஒரு பங்கு அளவுக்குக்கூட நீளலாம். ஒவ்வொன்றும் 1.03 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் ஊசலின் 20 அலைவுகளுக்கு உண்மையில் சுமார் 40.1 விநாடி ஆகும். உங்கள் கடிகாரமோ ஏறக்குறைய 39 என்று காட்டும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 10.4 என வந்து நிற்கும். உடனே விடையைப் பார்த்து அளவீட்டைத் திருத்தும் பழக்கம் பிறக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பழக்கத்தை மாற்ற நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாது!

ஸ்கிராட்சில் ‘டைமர்’ என்று தனிக் கட்டையே இருக்கிறது, உணர்தல் பிரிவில். அது கணினியின் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதால் தாமதங்கள் சேர்ந்துகொண்டே போவதில்லை. படிக்கும் கணத்தில் சிறு பிழை உண்டு, அது ஒருமுறைதான். உங்கள் விரலின் தாமதம் அதைவிடப் பெரிது. (20 அலைவுகளை அளப்பது அதனால்தான்.)

ஆனால் ஒரு நிரலுக்கு ஒரே டைமர். அருகிலேயே அதைப் பூஜ்யமாக்கும் கட்டையும் இருக்கிறது. இரண்டு ஊசல்களை ஒரே நிரலில் அளக்கும் நண்பர்களில் ஒருவர் அதை இயக்கினால் மற்றவரின் கணக்கும் தொலைந்தது. இதனால், ஆளுக்கொரு டைமரும், அதற்குத் தொடங்கு, நிறுத்து என்று தனித்தனிக் கட்டைகளும் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்டைகளைக் கூட்டுவது எளிமையாகாது. இருக்கும் ஒன்றை விலக்கினாலே போதும். அந்தப் பூஜ்யமாக்கும் கட்டையைத் தொடாதீர்கள். ‘புறப்பாடு’ என்று ஒரு மாறியை உருவாக்குங்கள். ஊசல் நடுநிலையைக் கடக்கும்போது விசையை அழுத்தி, டைமர் காட்டும் எண்ணை அதில் பதியுங்கள். 20 அலைவு முடிந்ததும் டைமரின் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். பத்து ஊசல் இருந்தால் பத்து மாறிகள், கடிகாரம் ஒன்றுதான். சந்திப்பில் வண்டிகளின் பயண நேரத்தைக் கணக்கிடுவதும் இப்படித்தானே?

பச்சைக் கொடியைச் சொடுக்கினாலும் டைமர் பூஜ்யமாகிவிடும். அளக்கும் நடுவில் அதைத் தொட வேண்டாம். அதற்கும் அசையாத கடிகாரம் வேண்டுமென்றால், 2000ஆம் ஆண்டிலிருந்து கடந்த நாட்களைப் பின்னத்துடன் தரும் கட்டை ஒன்று அதே பிரிவில் உண்டு. 86,400ஆல் பெருக்கினால் விநாடி.

பள்ளியின் கணினி ஆய்வகத்தில் அரைமணி கிடைத்தால், ‘காத்திரு’ கடிகாரத்தையும் டைமரையும் ஒரே திரையில் ஓடவிடுங்கள். டைமர் 60, 120, 180, 240, 300 காட்டும்போது மற்றது காட்டுவதைக் குறித்து வரைபடம் வரையுங்கள். கோட்டின் சாய்வு 1 ஆக இருக்காது. எவ்வளவு குறைகிறது என்பது உங்கள் கணினியைப் பொறுத்தது. பக்கத்துக் கணினியில் அமர்ந்திருப்பவரின் சாய்வையும் கேட்டுப் பாருங்கள்.