சிறுவனின் துயரம் நகைப்புக்குரியதா?

மும்பையின் புகழ்பெற்ற தனியார் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்துவந்த 40 வயது ஆசிரியை, 16 வயது மாணவனைத் தொடர்ந்து பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார் என்ற புகாரின்பேரில் 2025 ஜூன் இறுதியில் கைது செய்யப்பட்டார். மாணவனை நட்சத்திர விடுதிகளுக்கு அழைத்துச் சென்றார், மது கொடுத்தார், பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளையும் கொடுத்தார் என்பன காவல்துறையின் குற்றச்சாட்டுகள். இருவரும் விரும்பியே பழகினர் என்பது ஆசிரியை தரப்பின் வாதம். ஜூலை மாதம் அவருக்குப் பிணை வழங்கப்பட்டது. உண்மை எது என்பதை நீதிமன்ற விசாரணைதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் சமூகத்தின் பொதுப்புத்தி விசாரணைக்குக் காத்திருக்கவில்லை. ‘கொடுத்து வைத்தவன்’ என்றது ஒரு கூட்டம். ‘நமக்கு இப்படி ஓர் ஆசிரியை வாய்க்கவில்லையே’ என்று பெருமூச்சு விட்டது இன்னொரு கூட்டம். வணிக ஊடகங்களோ, குற்றத்தைக் ‘கள்ளக் காதல்’ கதையாக்கி விற்றன. பாதிக்கப்பட்டது மாணவியாக இருந்திருந்தால் அவளது உடையையும் நடத்தையையும் விசாரணைக் கூண்டில் ஏற்றியிருக்கும் அதே பொதுப்புத்திதான், மாணவன் என்றதும் சிரிக்கிறது. அவளுக்குப் பழி, அவனுக்குக் கேலி. இருவருக்கும் நீதி மட்டும் இல்லை.

சிரிப்பின் வேர்

இந்தச் சிரிப்பைப் பெண்கள்மீதான பரிவு என்று எவரும் தவறாக எண்ணிவிடக் கூடாது. இது ஆணாதிக்கத்தின் சிரிப்பு. ஆண் என்பவன் பிறந்தது முதலே வேட்கை கொண்டவன், அவனை எவரும் துன்புறுத்த முடியாது என்பது ஆணாதிக்கத்தின் முதல் பாடம். பெண் என்பவள் தாய், அவளுக்கெனத் தனி விருப்பமும் இல்லை, அதிகாரமும் இல்லை, எனவே அவளால் தீங்கிழைக்கவும் இயலாது என்பது இரண்டாவது பாடம். இந்த இரண்டு பொய்களுக்கு இடையில் நசுங்குபவன் சிறுவன். ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்று கேட்டு வளர்க்கும் வீட்டில், தனக்கு நேர்ந்ததைச் சொல்வதற்கு அவனுக்குச் சொற்களே கிடைப்பதில்லை.

ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியவர்கள் 53.22 விழுக்காட்டினர். அவர்களில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். இக்குற்றங்களைப் புரிவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்களே என்பதில் ஐயமில்லை. எனினும் பாதிக்கப்படுவோரில் சரிபாதிக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள் என்ற செய்தி நம் பொது உரையாடலில் இன்றளவும் இடம்பெறவில்லை.

‘விருப்பம்’ என்னும் வாதம்

பதின்பருவ மாணவனுக்கு ஆசிரியைமீது ஈர்ப்பு தோன்றுவது இயல்பு. ராஜ் கபூர் 1970-இல் எடுத்த ‘மேரா நாம் ஜோக்கர்’ திரைப்படத்தின் முதல் பகுதி இந்த ஈர்ப்பைத்தான் பேசுகிறது. அதில் வரும் ஆசிரியை மாணவனிடம் அன்பு காட்டுகிறார், அவனது மயக்கத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வதில்லை. கேள்வி மாணவனுக்கு ஈர்ப்பு இருந்ததா என்பதன்று. வயதும் பொறுப்பும் உடையவர் அங்கே என்ன செய்தார் என்பதே கேள்வி.

வகுப்பறை என்பது அதிகாரம் நிலவும் இடம். மதிப்பெண், அகமதிப்பீடு, வருகைப் பதிவு, பாராட்டு, கண்டிப்பு அனைத்தும் ஆசிரியரின் கையில் இருக்கின்றன. அந்தக் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்பதால் அதிகாரத்தின் எடை குறைந்துவிடாது. இதை உணர்ந்துதான் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தை என்று வரையறுக்கிறது. குழந்தையின் ‘சம்மதம்’ இச்சட்டத்தின்முன் செல்லாது. கல்வி நிறுவனத்தின் பணியாளரே குற்றம் புரிந்தால் அது கடுமையாக்கப்பட்ட குற்றம். ஊடுருவல் வன்கொடுமையாயின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுகள்.

சட்டத்தில் ‘அவன்’ என்ற சொல் இருப்பதைக் காட்டிப் பெண்களுக்கு இது பொருந்தாது என்று வாதிட்டவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் கர்நாடக உயர்நீதிமன்றமும் இச்சட்டம் பாலினப் பொதுத்தன்மை கொண்டது என்று தெளிவுபடுத்தியது. பாலுறவில் ஆண் மட்டுமே செயல்படுபவன், பெண் செயலற்றவள் என்னும் கருத்தே பழமையானது என்றும் அந்நீதிமன்றம் சாடியது.

குளிர்காயும் கூட்டம்

இத்தகைய வழக்கு ஒன்று வந்தால் போதும், ‘ஆண்கள் உரிமை’ பேசும் அமைப்புகள் களமிறங்கிவிடுகின்றன. பெண்கள் பாதுகாப்புச் சட்டங்கள் அனைத்தையும் நீர்த்துப்போகச் செய்ய வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். சிறுவனின் காயம் அவர்களுக்கு ஒரு கருவி, அவ்வளவே.

இவர்கள் வசதியாக மறக்கும் வரலாறு ஒன்று உண்டு. 2013-இல் நீதிபதி வர்மா குழு, பாலியல் வல்லுறவுக்கு ஆளாவோர் எப்பாலினத்தவராயினும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற வேண்டும் என்றே பரிந்துரைத்தது. குற்றவாளி ஆண் என்ற வரையறையை மாற்ற வேண்டாம் என்றும் கூறியது. பெரியவர்களுக்கிடையில் நிலவும் ஏற்றத்தாழ்வில் பெண்ணே பெரும்பாலும் ஒடுக்கப்படுகிறாள். குழந்தையும் பெரியவரும் எதிரெதிரே நிற்கும்போது ஒடுக்கப்படுவது குழந்தை. முன்னதில் பாலினம் சார்ந்த சட்டமும், பின்னதில் பாலினப் பொதுச் சட்டமும் தேவைப்படுவதில் முரண்பாடு எதுவுமில்லை. இரண்டிலும் அளவுகோல் ஒன்றுதான்: அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 377-ஆவது பிரிவுக்கு மாற்றாக எதையும் சேர்க்காமல் விட்டது பாஜக அரசு. போக்சோவின் பாதுகாப்பு 18 வயதில் முடிகிறது. அதற்கு மறுநாள் வல்லுறவுக்கு ஆளாகும் ஆணுக்கு உரிய சட்டப்பிரிவு இன்று இல்லை. ஆண்கள் உரிமைக்காக முழங்குவோரின் குரல் இதற்கு எதிராக ஏன் இந்த அளவுக்கு ஒலிக்கவில்லை?

மௌனத்தின் விலை

குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோவின்படி தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. எனினும் கல்வி சரக்காகிவிட்ட நாட்டில் ‘பள்ளியின் பெயர்’ என்பது முதலீடு. அதைக் காப்பாற்ற, ஆசிரியரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு வாசல்வழியே அனுப்பிவிடுவது நிர்வாகங்களுக்கு எளிய வழியாகிறது. அதே நபர் அடுத்த பள்ளியில் வேலைக்குச் சேரத் தடை ஏதுமில்லை. மும்பை மாணவனின் குடும்பமே, விவரம் அறிந்த பிறகும் பள்ளிப் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்ததாகச் செய்திகள் கூறின. வசதி படைத்த குடும்பத்தின் நிலையே இதுவென்றால், உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் ஆதிவாசிச் சிறுவனும், புலம்பெயர் தொழிலாளியின் மகனும் யாரிடம் சென்று சொல்வார்கள்?

பள்ளிதோறும் மாணவர், பெற்றோர், ஆசிரியர் அமைப்புகளின் பிரதிநிதிகள் கொண்ட குழந்தைப் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும். உளநல ஆலோசகர்களை அரசே நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். பாலியல் கல்வி சிறுமியருக்கு மட்டுமன்றிச் சிறுவர்க்கும் உரியதாக வேண்டும். புகாரை மறைக்கும் நிர்வாகங்கள்மீது சட்டம் பாய வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் இதில் முன்நிற்க வேண்டும். குற்றமிழைத்த சிலரைக் காப்பது, நேர்மையாகக் கற்பிக்கும் லட்சக்கணக்கான ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இழைக்கும் துரோகம்.

தனக்கு நேர்ந்ததை ஒரு சிறுவன் வாய்திறந்து சொல்லும்போது எதிரில் இருப்பவர் சிரித்தால், அவன் மீண்டும் வாய்திறக்க மாட்டான். அந்தச் சிரிப்புக்கு எதிரான போராட்டம் பெண் விடுதலைப் போராட்டத்துக்குப் புறம்பானதன்று. இரண்டும் எதிர்ப்பது ஒரே ஆணாதிக்கத்தைத்தான்.