காட்சி காணாதவர் எழுப்பிய ஆலயம்

மொன்றியலில் ரோயல் மலைச் சரிவில் நிற்கும் சூசையப்பர் திருத்தலத்தின் படிகளை வேண்டுதலோடு ஏறும் தமிழர்கள் பலர்; சைவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளையின் கலியாணம், வீட்டுக் கடன், வேலை மாற்றம் என்று எதற்கும் ஆண்டவர் ஒரு அடையாளம் காட்டமாட்டாரா என்ற ஏக்கம் கிறிஸ்தவர்களான நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறோம். புத்தாண்டு இரவில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை வைத்து வருடம் முழுவதையும் கணிக்கிறோம். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இறைவனின் வழிநடத்துதலை அங்கே தேடுவது தவறு. அது நம் முன்னால் இருக்கும் கடமையில் தொடங்குகிறது. நம்மைத் தடுக்க உரிமையுள்ளவர்களின் கேள்விக்கு உட்பட்ட பிறகே உறுதிப்படுகிறது. அந்தத் திருத்தலத்தின் வரலாறே இதற்குச் சான்று.

அதைத் தொடங்கிய சகோதரர் அந்திரே பெசெட் 1845இல் கியூபெக்கில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். எழுத்தறிவு மிகக் குறைவு, உடம்பும் நோஞ்சான். எந்தத் தொழிலிலும் நிலைக்க முடியாமல் அமெரிக்கப் பஞ்சாலைகள் வரை போய்த் திரும்பினார். 1870இல் திருச்சிலுவைச் சபைக்கு வந்தபோது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று சபை தயங்கியது. ஆயர் இக்னாஸ் பூர்ஜே பரிந்து பேசிய பிறகுதான் நிரந்தரமாக ஏற்றது. கிடைத்த பணி நோத்ர்-தாம் கல்லூரியின் வாசல் காவல். ஏறத்தாழ 40 ஆண்டுகள் கதவு திறந்தார், தரை துடைத்தார், மாணவர்களுக்கு ஐந்து சதத்துக்கு முடி வெட்டினார், தேடி வந்த நோயாளிகளோடு செபித்தார். நோயாளிகள் கல்லூரிக்குள் வருவதற்கு எதிர்ப்பு எழுந்தபோது முரண்டு பிடிக்கவில்லை. எதிரே இருந்த டிராம் நிலையத்தில் அவர்களைச் சந்தித்தார். முடி வெட்டிச் சேர்த்த சில்லறையும் சேர்ந்துதான் 1904இல் மலையில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. பேராயர் புருஷேஸி அவரிடம், காட்சி ஏதும் கண்டீரா, சூசையப்பர் கட்டச் சொன்னாரா என்று விசாரித்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சூசையப்பர்மேல் எனக்குள்ள பக்தி மட்டும்தான் என்பதே அவர் பதில். ஆம், கண்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நம்பக் கூட்டம் காத்திருந்தது. அவர் சொல்லவில்லை. முடிவை மேலதிகாரிகளிடம் விட்டார். 1937இல் இறந்தார், பெரிய ஆலயம் நிறைவுற்றது 1967இல். 2010இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

கிதியோன் ஆட்டுத்தோலை வைத்து அடையாளம் கேட்கவில்லையா, திருத்தூதர்கள் சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிவு செய்யவில்லையா என்று கேட்கலாம். கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது. அவர் கேட்டது பயம் தீர்வதற்காக. சீட்டும் பெந்தகோஸ்துக்கு முந்தியது. தூய ஆவி இறங்கிய பிறகு திருத்தூதர்கள் சீட்டுப்போட்டதாக வேதாகமத்தில் இல்லை. பிற இனத்தார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்ற பெரிய பிரச்சினை எழுந்தபோது யெருசலேமில் கூடி வாதாடினார்கள். பேதுரு பேசினார், பவுலும் பர்னபாவும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள், யாக்கோபு மறைநூலை எடுத்துக்காட்டினார். அதன் பிறகே இது ஆவியானவரின் தீர்மானம் என்று எழுதத் துணிந்தார்கள். மனசில் சமாதானம் வந்தது, ஆகவே இது தேவ சித்தம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆறுதலான உணர்வையும் சோதித்துப் பார்க்கச் சொன்னவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். ஆண்டவர் என்னிடம் சொன்னார் என்று கூறி அடுத்தவர் வீட்டுச் சம்பந்தத்தையும் சேமிப்பையும் தீர்மானிக்கும் போதகர்களிடம் சபையார் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நடந்து முடிந்தபின் திரும்பிப் பார்த்துக் கோத்துக்கொள்ளும் கதைதானே இது என்று நம்பிக்கையற்றவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால்தான், செய்யும் முன்பே பிறரின் கேள்விக்கு உட்பட வேண்டும் என்கிறேன். இதைவிடக் கனமான கேள்வி ஒன்று நம்மவரிடமிருந்தே வருகிறது. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்த 155 தமிழர்கள் காப்பாற்றப்பட்டார்கள். ஆண்டவர் அவர்களைக் கரைசேர்த்தார் என்றால், 2009இல் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை அவர் கைவிட்டாரா? வழிநடத்துதல் என்பது ஒருவர் பிழைத்ததற்கும் இன்னொருவர் இறந்ததற்கும் நாம் தரும் விளக்கமாக இருக்கவே கூடாது. அப்படிப் பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். இனி நான் செய்ய வேண்டியது எது என்ற கேள்விக்கு மட்டுமே அது பதில். அன்று கடலில் அந்தக் கேள்வி மீனவர் கஸ் டோல்டன் முன் நின்றது. முன்பின் அறியாத மனிதர்களைத் தன் படகில் ஏற்றினார். அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டாலும், இறைவனின் வழிநடத்துதலை நான் காண்பது அந்தச் செயலில்தான். நல்ல சமாரியன் உவமையில் குருவும் லேவியனும் அதே வழியால்தான் வந்தார்கள். அடிபட்டுக் கிடந்தவனை அவர்களும் கண்டார்கள்.