சிரித்தவர்களே அழுகிறார்கள்!



டிசம்பர் 28 வந்துவிட்டால் என் கைப்பேசி காலையிலிருந்தே ஓயாது ஒலிக்கிறது. விஜயகாந்த் மறைந்த நாள் அது. பெற்றோர் புலனக் குழு, ஆசிரியர் புலனக் குழு, உறவினர் குழு என எல்லாவற்றிலும் கைகூப்பி நிற்கும் கேப்டனின் படம் வருகிறது. 'தங்க மனிதரே, மீண்டும் பிறந்து வாருங்கள்' என்பது போன்ற வரிகள் அதன் கீழே இருக்கும். அண்மையில் அப்படி வந்தவற்றை அனுப்பியோரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர்களுள் குறைந்தது ஐவர், அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய குழறிய பேச்சை வெட்டி ஒட்டிச் செய்த பகடிப் படங்களையும் எனக்கு அனுப்பியவர்கள். மறைப்பானேன்? நானும் அவற்றைப் பிறருக்கு அனுப்பியவள்தான். ஆகையால் இந்தப் பதிவு முதலில் என்மீது பாய்கிறது. உங்கள்மீது பாய்வது அதன் பிறகுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 'கூத்தாடி ஒருவன் செத்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா? தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறதே, அதற்கு எவராவது அழுதார்களா?' என்று 2023ஆம் ஆண்டிலேயே ஓர் ஆசிரிய நண்பர் குழுவில் எழுதினார். பலர் கைதட்டும் குறியிட்டுப் பாராட்டினார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவள் அல்லள். காலையில் வகுப்பில் இயல், இசை, நாடகம் என்று முத்தமிழைக் கற்பித்துவிட்டு, மாலையில் நாடகக் கலைஞனைக் 'கூத்தாடி' என்று இழிப்பது எந்த ஊர் ஞாயம்? நம் பாட்டன்மார் பால்மரக் காட்டில் உழைத்துக் களைத்த பிறகும் காமன் கூத்து ஆடினார்கள்; பொன்னர் சங்கர் கதையை விடிய விடிய நடித்தார்கள். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படங்களின் வழியாகத் தமிழ் வசனத்தைச் செவிவழி கற்ற தலைமுறைகள் இங்குண்டு. என் தாயார் பள்ளிக்குச் சென்றது மூன்றே ஆண்டுகள். அவருடைய சொல்வளம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எனவே அழுதவர்களை நான் பழிக்கவில்லை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தபோது நான் சிறுமி. சிம்பாங் அம்பாட்டை அடுத்த எங்கள் தோட்டத்து லயத்தில் அன்று பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அப்பா வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் கண்டது அன்றுதான். அதே நாள்களில் தமிழ்நாட்டில் சிலர் துயரம் தாளாமல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2006இல் கன்னட நடிகர் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் வன்முறை மூண்டு உயிர்கள் பலியாயின. அவை அறிவிழந்த செயல்கள். ஆனால் என் அப்பாவின் கண்ணீர் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

விஜயகாந்த் மறைவுக்கு வந்த கூட்டமும் பெரும்பாலும் அப்பாவைப் போன்றவர்களின் கூட்டம்தான். 2023 டிசம்பர் 28 காலையில் சென்னை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது, அகவை 71. கோயம்பேட்டில் உள்ள கட்சி அலுவலகத்தில் கூட்டம் தாங்காமல், மறுநாள் உடலைத் தீவுத்திடலுக்குக் கொண்டுசென்றார்கள். அன்று மாலையே மீண்டும் கோயம்பேட்டுக்குக் கொணர்ந்து அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். வரிசையில் நின்ற எளிய மக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். படப்பிடிப்பில் தாம் உண்ணும் உணவையே விளக்குத் தூக்கும் தொழிலாளிக்கும் பரிமாறச் செய்தவர் என்பதுதான் அவர்களுள் பலர் சொன்ன முதற்செய்தி. முன்னணி நடிகராக உயர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி 'ஊமை விழிகள்' (1986) படத்தில் நடித்தவர் அவர். பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் ஒரு வகுப்பை ஒப்படைக்கவே நடுங்கும் நம் தலைமையாசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்!

நமக்கும் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. தென்னிந்திய நடிகர் சங்கம் கடனில் மூழ்கியிருந்த காலத்தில் தலைவரான அவர், 2002இல் நட்சத்திரங்களைத் திரட்டி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைவிழா நடத்தி அந்தக் கடனை அடைத்தார். அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தொழிற்சாலையில் மிகைநேரம் பார்த்துச் சேர்த்த வெள்ளியில் என் அண்ணன் நுழைவுச்சீட்டு வாங்கினார். அந்தக் கடன் அடைந்ததில் தோட்டத்துப் பிள்ளைகளின் வியர்வையும் கலந்திருக்கிறது. அதே ஆண்டில்தான் 'ரமணா' வெளிவந்தது. புள்ளிவிவரங்களை அடுக்கி, மூச்சுவிடாமல், ஒரு சொல்லும் சிதையாமல் அவர் பேசுவதைக் கேட்டு, பயிற்சி மாணவர்களாகிய நாங்கள் விடுதியில் அதைப்போல் பேசிப் பார்ப்போம். மேடைப்பேச்சுக்கு மூச்சை எங்கே நிறுத்துவது என்பதை நான் அப்படித்தான் பழகினேன்.

அந்த நாக்குத்தான் பின்னர் குழறியது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் பேச்சு தெளிவிழந்தது. சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றார். 2018 ஆகஸ்டு மாதத்தில் கலைஞர் கருணாநிதி மறைந்தபோது, அங்கிருந்தே அவர் வெளியிட்ட காணொலியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொற்கள் வெளிவர மறுத்தன. அவர் குழந்தையைப்போல் அழுதார். 2022இல் நீரிழிவு நோயால் கால்விரல்கள் அகற்றப்பட்டன. இறப்பதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், டிசம்பர் 14 அன்று, கட்சியின் பொதுக்குழுவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார்.

இந்த நெடிய ஆண்டுகளில் நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். நோயுற்ற நாவின் தடுமாற்றத்தை மதுவின் தடுமாற்றம் என்று சொல்லிச் சிரித்தோம். அவர் சொன்ன அரைகுறைச் சொற்களுக்கு இசை கோத்துப் பரப்பினோம். 2011 தேர்தலில் நடிகர் வடிவேலு மேடை மேடையாக ஏறி அவரைக் குடிகாரர் என்று ஏளனம் செய்தார். அதற்கும் கைதட்டல் இருந்தது. பின்னர் அவர் இறுதி மரியாதைக்கு வரவில்லை என்று பொங்கியெழுந்தார்களே, அந்தப் பொங்கலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை! மரியாதை செலுத்த வந்த நடிகர் விஜய் மீது கூட்டத்திலிருந்து செருப்பு வீசப்பட்டது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் கண்ணில் நீர் இருந்தது என்று ஊரார் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டோம். நாம் அனுப்பிய பகடிப் படங்களுக்கு மட்டும் பதிவேடு இல்லை.

ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். அவர் அரசியல்வாதி ஆயிற்றே, அரசியல்வாதியை விமர்சிக்கக் கூடாதா என்பீர்கள். தாராளமாக விமர்சிக்கலாம். 2005இல் கட்சி தொடங்கி, 2011இல் எதிர்க்கட்சித் தலைவராகி, 2016இல் போட்டியிட்ட தொகுதியில் வைப்புத்தொகையையும் இழந்தார் என்றால் அதற்குக் காரணங்கள் உண்டு. செய்தியாளர்களைப் பார்த்துத் துப்பினார், அது இழிசெயல். கண்டித்தவர்கள் கண்டித்தது முறையே. ஆனால் துப்பியது அவர் செய்த செயல். நாக்குக் குழறியது அவர் செய்ததன்று, அவருக்கு நேர்ந்தது. செயலுக்கும் நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை, செய்வினை செயப்பாட்டுவினை என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிற நமக்குமா விளக்க வேண்டும்?

'முற்காலத்தில் மக்கள் பண்போடு இருந்தார்கள், இப்போதுதான் கைப்பேசி கெடுத்துவிட்டது' என்று சொல்லவும் நான் வரவில்லை. 1967 ஜனவரி 12இல் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்து அவர் குரல் மாறியது. மாறிய குரலோடே பத்தாண்டுகள் நடித்தார், மக்களும் ஏற்றார்கள். ஆனால் அந்தக் குரலைப் பலகுரல் கலைஞர்கள் மேடையில் செய்துகாட்டியபோது நம்மவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். என் அப்பாவும் சிரித்திருப்பார். இது பழைய நோய். கைப்பேசி அதை விரைவாகப் பரப்புகிறது, அவ்வளவே.

இவ்வளவும் சென்னையில் நடந்த கதை. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இதில் என்ன வழக்கு? சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு. நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சி. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மேடையேறி, கேப்டனின் குழறல் பேச்சை அப்படியே செய்தான். கண்ணைச் சிவப்பாகக் காட்டக் கன்னச்சாயம் பூசிவிட்டது யார்? ஆசிரியைகளாகிய நாங்கள்தான். மண்டபம் அதிர்ந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவனுக்குத்தான் முதற்பரிசு. நான் முன்வரிசையில் நின்று அதைக் கைப்பேசியில் படம்பிடித்து, அன்றிரவே பெற்றோர் குழுவுக்கு அனுப்பினேன். சிரிப்புக் குறிகள் நூற்றுக்கும் மேல் வந்திருக்கும்.

அதே வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன், கட்டுரையும் நன்றாக எழுதுவான். வாசிக்கச் சொன்னால் முதற்சொல் வருவதற்கு நேரமாகும். நான் காத்திருப்பேன், வகுப்பும் காத்திருக்கப் பழகியிருந்தது. மூன்று ஆண்டுகளாகக் கட்டிக் காத்த பழக்கம் அது. அடுத்த ஆண்டு பள்ளி திறந்த பிறகு அவன் எழுந்து நின்றால் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மாதம் கழிந்ததும் அவன் எழுந்து நிற்பதையே விட்டுவிட்டான். கேட்டல், பேச்சுத் திறனை மதிப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு உதட்டை இறுக மூடிக்கொண்டான். பிடிவாதம் என்று எண்ணி அவனைக் கடிந்துகொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவனுடைய பாட்டி ஒருநாள் பள்ளிக்கு வந்தார். 'டீச்சர், பையன் வீட்டுலயும் பேச மாட்டேங்கறான். பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேப்டன் கேப்டன்னு கூப்பிடுறாங்களாம். கேப்டன்னா நல்ல பேருதானே, அதுக்கு ஏன் அழுவுறான்?' என்றார். பாட்டிக்கு 'வைதேகி காத்திருந்தாள்' காலத்துக் கேப்டனைத்தான் தெரியும். நான் அவருக்கு என்ன மறுமொழி சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. உண்மையைச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வகுப்பில் கண்டித்தேன், அந்தப் பெயரை அழைக்கக் கூடாது என்று தடுத்தேன். என் முன்னிலையில் அழைப்பது நின்றது. ஆனால், மேடையில் பரிசு கொடுத்துப் பாராட்டியதை வகுப்பறையில் குற்றம் என்றால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? நடித்த மாணவன் மீதும் பழியில்லை. பெரியவர்கள் வீட்டில் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ அதை அவன் மேடைக்குக் கொண்டுவந்தான்.

அந்தத் திக்கிப் பேசும் மாணவன் இன்று வளர்ந்த இளைஞன். அண்மையில் சிம்பாங் அம்பாட் மளிகைக்கடை ஒன்றில் கண்டேன். உடன் வந்த நண்பர்கள் அவனைக் 'கேப்டன்' என்றுதான் அழைத்தார்கள். 'இன்னுமா?' என்று கேட்டேன். 'ப... பழகிருச்சு டீச்சர்' என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

பெற்றோரே, இனிக் கலைநிகழ்ச்சி வரும்போது பலகுரல் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளின் பெயரைத் தாருங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குயிலோசையைச் செய்யட்டும், பேருந்து நடத்துநரைச் செய்யட்டும், வகுப்பில் கத்தும் என்னையே செய்துகாட்டட்டும். குழறலையும் திக்கலையும் முதுமையின் நடுக்கத்தையும் செய்துகாட்டுவதாக இருந்தால், நான் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருக்கும்வரை மேடை கிடைக்காது. 'டீச்சருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை' என்று ஒரு பெற்றோர் ஏற்கெனவே குழுவில் எழுதிவிட்டார். எழுதட்டும்.

இன்னொரு வேண்டுகோள். 2017இல் நான் எடுத்த அந்தக் காணொலி என் கைப்பேசியில் இப்போது இல்லை. ஆனால் நான் அனுப்பிய குழுவில் இருந்த யாரேனும் இன்னும் வைத்திருக்கலாம். கேப்டனின் அடுத்த நினைவு நாளில் 'பழைய நினைவு' என்று மீண்டும் அனுப்பவும் கூடும். வைத்திருப்போர் அருள்கூர்ந்து அதை அழித்துவிடுங்கள். முதலில் அனுப்பியவள் கேட்கிறேன்.