அறிவுக்குச் சுங்கச் சாவடியா?

வேதத்தைச் சிலரே ஓதலாம், ஏனையோர் காதாலும் கேட்கலாகாது என்று ஒரு காலத்தில் விதித்தார்கள். அவ்விதியை அநீதியென்று நாம் எதிர்த்தோம். இன்று விஞ்ஞானத்தின் வாயிலிலும் அத்தகைய வேலியொன்று நிற்கின்றது. அன்று குலத்தைக் கேட்டார்கள். இன்று பணத்தைக் கேட்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவே!

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று, உயிர்ப் பிரச்சினை. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவை 2014ஆம் ஆண்டில் எபோலா என்னும் கொடுநோய் பற்றியது. அந்நாட்டில் மட்டும் 4,800 பேருக்கு மேல் மாண்டனர். அந்நோய் அங்கே வருமென்று எவரும் எதிர்பார்க்கவில்லையாம். உண்மை என்ன? லைபீரிய மக்களின் இரத்தத்தைச் சோதித்த ஜெர்மானிய விஞ்ஞானிகள், எபோலா வழங்கும் பிரதேசங்களில் அந்நாட்டையும் சேர்க்க வேண்டுமென்று 1982ஆம் ஆண்டிலேயே ஐரோப்பியப் பத்திரிகையொன்றில் எழுதிவிட்டார்கள்!

அந்நாட்டின் தலைமை வைத்திய அதிகாரியாயிருந்த பெர்னிஸ் டான் அம்மையாரும் அவருடைய தோழர்களும் 2015ஆம் ஆண்டில் இதனை உலகறியச் செய்தார்கள். அத்தகைய கட்டுரை ஒன்றை இணையத்திலிருந்து பெற லைபீரிய வைத்தியர் அன்று 45 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அஃது அவருடைய ஏறக்குறைய அரை வாரச் சம்பளமாயிருந்தது. கட்டணம் ஒன்றே அச்சாவுகளுக்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. அக்கட்டுரைகளை எழுதியோரில் லைபீரிய விஞ்ஞானி ஒருவரேனும் இல்லை என்பதையும் அவர்கள் குறையாகக் காட்டினார்கள். ஆயினும் இரத்தம் அவர்களுடையது, நோயும் அவர்களுடையது, நோயைப் பற்றிய அறிவு மட்டும் பிறருடைய பெட்டியில் என்றால், இது எந்த ஊர் நியாயம்?

இனி வியாபாரத்தைப் பாருங்கள். ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் பொது ஜனங்களின் வரி. கட்டுரை எழுதும் விஞ்ஞானிக்குப் பதிப்பாளர் ஒரு காசும் கொடுப்பதில்லை. அதைப் பரிசோதித்துக் குற்றங்குறை கூறும் அறிஞர்களும் பெரும்பாலும் இனாமாகவே உழைக்கிறார்கள். பால் மரம் வெட்டியவனாவது அற்பக் கூலி கண்டான், இவர்களுக்கு அதுவுமில்லை! இறுதியில் அக்கட்டுரையையே பல்கலைக்கழகங்களுக்குப் பெருவிலைக்கு விற்கிறார்கள். இத்தொழிலில் பெரியதான எல்செவியர் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு 36 வீதம் இலாபம் கண்டது. சில பத்திரிகைகளுக்கு ஆண்டுச் சந்தா 40,000 டாலர் வரை ஏறிவிட்டதென்று 2012ஆம் ஆண்டில் செல்வம் கொழிக்கும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமே முறையிட்டது. குபேரனே கடன் சொல்லும்போது குடிசைவாசி என் செய்வான்?

"பதிப்பிக்கச் செலவாகுமே" என்பர். ஆகும், யார் மறுத்தார்? 1991ஆம் ஆண்டில் பால் கின்ஸ்பார்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்னும் இணையக் களஞ்சியத்தில் இன்று இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. படிப்பவனுக்கும் கட்டணமில்லை, எழுதுபவனுக்கும் கட்டணமில்லை. 1998ஆம் ஆண்டில் பிரேசில் நாடு 'சயேலோ' என்னும் பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கிற்று. ஏழை நாடுகளால் இயலாததன்று இக்காரியம்.

"பாமரருக்கு இவையெல்லாம் விளங்குமா?" என்பர் வேறு சிலர். பழைய பூசாரியின் குரலன்றோ இது! தோட்டத்து ஆஸ்பத்திரி வைத்தியருக்கு விளங்காதா? தாதிக்கு விளங்காதா? கூலிக்காரன் பெற்றுப் படிக்கவைத்த பிள்ளைக்கு விளங்காதா?

புதிய தந்திரமொன்றையும் எச்சரிக்க வேண்டும். படிப்பவனுக்கு வாயிலைத் திறந்துவிட்டு, எழுதுபவனிடம் கட்டணம் பறிக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் 'நேச்சர்' பத்திரிகை அவ்விதம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ விதித்தது. சாவடி இடம் மாறிற்றேயன்றி ஒழியவில்லை. ஏழை நாட்டு விஞ்ஞானி முன்னே படிக்க முடியாதவன். இனி எழுதவும் முடியாதவன்!

ஆராய்ச்சி யாவருக்கும் இலவசமாய்க் கிடைக்க வேண்டுமென்று புடாபெஸ்ட் நகர அறிக்கை 2002ஆம் ஆண்டிலேயே முழங்கிற்று. அமெரிக்கச் சர்க்காரின் தேசிய சுகாதார ஆராய்ச்சிக் கழகம், தன் பணத்தில் விளைந்த கட்டுரைகள் வெளியாகும் நாளிலேயே பொதுவில் இருக்க வேண்டுமென்ற விதியை 2025 ஜூலை முதல் நடத்தி வருகின்றது. நம் சர்க்காரையும் நாம் இதையே கேட்போம். பல்கலைக்கழகங்களிலுள்ள நம் பிள்ளைகள் தம் உழைப்பின் உரிமையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடாதிருக்கட்டும்.

ஊரார் காசில் வெட்டிய கிணற்றுக்கு ஒருவன் பூட்டுப் போட்டால் பொறுப்போமா? அறிவுக் கிணற்றுக்கு மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?