வெட்டச்சும் வெட்டிப் பேச்சும்

தமிழில் தொழிற்சொல் இல்லை, பிறமொழிச் சொல்லை இரந்து பெறாமல் ஓர் ஆணியைக்கூடத் தமிழன் அறைய முடியாது என்று ஓதித் திரியும் கூட்டம் ஒன்று இந்நாட்டில் இன்னும் உண்டு. அக்கூட்டம் கைவிட மறுக்கும் சொற்களுள் ஒன்று 'இசுடென்சில்'.

அது குறிக்கும் பொருள் யாது? தகரத்திலோ தடித்த தாளிலோ எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, அத்தகட்டைக் கோணியின்மேலோ பெட்டியின்மேலோ சுவரின்மேலோ வைத்து மை ஒற்றினால், வெட்டிய வழியே மை இறங்கி எழுத்துப் பதியும். ஒருமுறை வெட்டிய தகடு மீண்டும் மீண்டும் ஒரே வடிவைத் தரும். அவ்வளவே! இவ்வெளிய வினைக்குத் தமிழில் பெயரிட இயலாதாம். ஆங்கிலச் சொல்லின் பொருள்நுட்பம் தமிழில் வாராதாம்!

அந்நுட்பத்தைச் சற்றே உரித்துப் பார்த்தல் வேண்டும். இலத்தீனில் 'சிந்தில்லா' என்றால் தீப்பொறி. அது பழைய பிரெஞ்சுக்குச் சென்று, பளபளக்கும் நிறங்களால் அணிசெய்தல் என்னும் வினையாகி, ஆங்கிலத்துள் புகுந்தது. அச்சொல்லின் வேரில் தகடும் இல்லை, வெட்டும் இல்லை, எழுத்தும் இல்லை. பொறியைக் குறித்த சொல் தகட்டைக் குறிக்க வந்தது வழக்கின் வலிமையால்தான். ஆங்கிலேயன் அயல்மொழிச் சொல்லைத் தன் தேவைக்கு வளைத்துக் கொண்டான். அஃது அவன் உரிமை. தமிழன் தன் சொந்த வேரினின்று சொல் ஆக்கினால் மட்டும் குற்றமாமோ?

தட்டிப் பதிப்பது தட்டச்சு. வெட்டிப் பதிப்பது வெட்டச்சு. மெழுகுத்தாளில் எழுத்தைத் துளைத்து, உருளையால் மையேற்றிப் படியெடுத்த உருட்டச்சும் இவ்வினையின் கிளையே. துளையிட்ட தகட்டில் மாவைப் பரப்பி வாயிலில் கோலம் பதிக்கும் தமிழ்ப்பெண் அதனைக் கோல அச்சு என்றே அழைக்கிறாள். பெயர் கேட்டு அவள் இலத்தீனுக்கு ஓடவில்லை!

சொல்லில் தோற்றவர் அடுத்து எழுத்தின்மேல் பழி சுமத்துவர். தமிழெழுத்து வளைவு மிக்கதாம். தகட்டில் வெட்ட வாராதாம். 247 எழுத்துக்கும் 247 தகடு வேண்டுமாம். மூடிய வளையத்தை வெட்டினால் உள்துண்டு கழன்று விழும். விழாதிருக்கச் சிறு பாலம் விட்டு வெட்டுவதே தொழில்முறை. ஆங்கிலப் பேரெழுத்து 26-இல் 'ஏ', 'ஓ' உள்ளிட்ட ஏழுக்கு இப்பாலம் வேண்டும். ககரத்துக்கும் மகரத்துக்கும் அதே பாலம் போதும். டகரத்துக்கும் பகரத்துக்கும் பாலமே வேண்டா.

எண்ணிக்கையையும் எண்ணிப் பார்க்கட்டும். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, இகர ஈகார உகர ஊகார உயிர்மெய் 72. இவற்றோடு புள்ளி, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி ஆகிய 5. ஆக 108 தகடுகளில் தமிழ் முழுவதும் அடங்கும். ஔகாரத்தின் ஈற்றுக்குறிக்கு ளகரத் தகடே உதவும். 247 என்று அச்சுறுத்தியவர் வெட்டவும் இல்லை, எண்ணவும் இல்லை.

இது வெறுஞ் சொற்போர் அன்று. 'கொக்கி போடாதே', 'இப்பக்கம் மேல்', 'உடையும் பொருள்' என்னும் எச்சரிக்கைகள் பெட்டியை விற்பவனுக்காக எழுதப்படுவன அல்ல. முதுகில் சுமப்பவனுக்காக எழுதப்படுவன. தமிழ்நாட்டில் கட்டித் தமிழ்நாட்டிலேயே இறக்கும் பொதியிலும் அவை ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், தமிழன்றிப் பிறிது அறியாச் சுமையாளன் என் செய்வான்? பொருள் உடைந்தால் பழி அவன் தலையில். அவனுக்குப் புரியாத மொழியில் மை ஒற்றியவனுக்கோ பழியில்லை! இதுவா முறை?

தொழில் நடத்தும் தமிழர் தத்தம் பொதிகளில் தமிழைப் பொறிக்க! ஆசிரியர் வெட்டச்சு என்று கற்பிக்க! பெயரைக் கேட்டவுடன் வினை விளங்கும் சொல்லே பிள்ளைக்கு அறிவு தரும். தகடு தமிழனிடம் உண்டு. வெட்டும் கையும் உண்டு. வேண்டுவது மானம் ஒன்றே!