சின்னக் கடை எண்டால் நல்ல முதலாளியோ?

2025 நவம்பர் கடைசியில் நியூயோர்க்கின் ஒம்னிகொம், தன் போட்டியாளரான இன்டர்பப்ளிக்கை வாங்கி முடித்தது. ஒரு கிழமை கூடப் போகவில்லை. டிசெம்பர் முதலாம் திகதி 4,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக அறிவிப்பு. டிடிபி, எஃப்சிபி, மலன்லோ என்ற மூன்று விளம்பர நிறுவனப் பெயர்களுக்கும் அதோடு மூடுவிழா. டிடிபி 1949இல் தொடங்கியது. பெரிய கார்தான் கௌரவம் என்றிருந்த அமெரிக்காவில், போக்ஸ்வாகனின் குட்டிக் காரை வெறுமையான பக்கமொன்றில் சின்னனாகப் போட்டு, சிறிசாக இருப்பதையே பெருமையாக்கி விற்றவர்கள்.

ஏன் இந்த வேலைநீக்கம் எண்டு கேட்டால் "ஏஐ வந்திட்டுது, காலம் மாறிட்டுது" என்பார்கள். நம்பாதீங்கோ. 2024 டிசெம்பரில் இந்தக் கொள்வனவை அறிவித்த அன்றே, வருடத்துக்கு 75 கோடி டொலர் செலவு மிச்சம் பிடிப்போம் என்று பங்குதாரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். விளம்பர நிறுவனத்தில் பெரிய செலவு சம்பளம்தான். ஆர் போகிறார்கள் என்று தெரிய முதலே, ஆக்கள் போகவேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு லிங்க்டின் முழுக்க ஒரே பாட்டு: பெரிய இடம் வேண்டாம், சின்னச் சுயாதீன நிறுவனத்துக்குப் போ. அந்தக் கவர்ச்சியில் உண்மை இருக்கிறது. சின்ன இடத்தில் டிசைன் செய்யிற ஆளே வாடிக்கையாளரோடு நேரே கதைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருக்கா வேறொரு நாட்டுக்கு இலாபக் கணக்குக் காட்டவேண்டியதில்லை. ஒரு யோசனை ஆறு கூட்டங்களில் நசிபடாமல் வெளியே வரும்.

ஆனால் அந்தச் சின்ன இடங்களுக்குப் பிறகு என்ன நடந்தது? லண்டனில் 2008இல் தொடங்கிய அடம் அண்ட் ஈவ், 2012இல் டிடிபியிடம் விற்கப்பட்டது. 2006இல் நியூயோர்க்கில் தொடங்கிய ட்ரோகா5, 2019இல் அக்செஞ்சரிடம் போனது. பங்கு வைத்திருந்தவருக்குக் காசு. இரவிரவாக இருந்து வேலை செய்தவருக்குப் புது மின்னஞ்சல் முகவரி.

எங்கட நாட்டுக்கு வருவோம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையால் நிப்பாட்டுவதென்றால், அவரது எழுத்துமூலச் சம்மதம் வேணும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேணும். 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் சொல்வது அதுதான். ஆனால் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஏழெட்டுப் பேரோடு ஓடுகிற டிசைன் கடையில் சேரும் நீங்கள், அந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கிறீர்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கழன்றால் அடுத்த மாதச் சம்பளமும் கழன்றுவிடும். "நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம்" என்று சொல்லும் இடத்தில் சேமலாப நிதி கட்டுகிறார்களா எண்டு கேட்டுப் பாருங்கோ. முதலாளி பங்கு 12 வீதம். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் கட்டத்தான் வேணும். கேட்டவுடன் முகம் மாறினால் அது எப்படிப்பட்ட குடும்பம் என்று விளங்கிவிடும்.

ஆகவே பெரிசா சின்னனா என்ற பட்டிமன்றத்தை விடுவோம். கேட்கவேண்டிய கேள்வி: கடை ஆருடையது? விற்கிறதா இல்லையா எண்டு ஆர் தீர்மானிக்கிறது?

1995இல் ஷையட் டே நிறுவனத்தை வாங்கியதும் இதே ஒம்னிகொம்தான். அதன் லண்டன் கிளையில் இருந்தவர்கள் அந்த இணைப்புக்கு உடன்படவில்லை. பிரிந்து போய் செயின்ட் லூக்ஸ் என்று தொடங்கி, வேலை செய்த எல்லோரையும் பங்குதாரர் ஆக்கினார்கள். நைக்கி விளம்பரங்களால் பெயரெடுத்த வைடன் கென்னடியின் பங்குகளை டான் வைடன், நிறுவனத்தை ஒருபோதும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஓர் அறக்கட்டளையில் வைத்தார். இவை சொர்க்கங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அங்கேயும் ஆட்குறைப்பு நடக்கலாம். ஆனால் ஊழியர் தலைக்கு மேலால் கடை கைமாறுவது இயற்கை விதி அல்ல என்பதற்கு இவை சாட்சி.

அடுத்த வருடம் பட்டத்தோடு வெளியே வந்து, போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு திரியப்போகிறவர்களே, நேர்முகத்தில் "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள். நியமனக் கடிதம், சேமலாப நிதி, இரவு வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு, பங்கு. நாலையும் கேளுங்கோ. கடை பெரிசோ சின்னனோ, கேள்வி ஒண்டுதான்.