போகிறவரிடம் என்ன கேட்பது?



கோபர்கைரனேயைச் சுற்றி மஹாபே, ரபாலே, கன்சோலி எங்கும் ஆலைகளும் கம்பெனிகளும் நிறைந்திருக்கின்றன. உங்களில் பலர் அங்கே வேலை செய்கிறீர்கள், சிலர் எச்.ஆர். பிரிவில் இருக்கிறீர்கள், இன்னும் சிலர் ரபாலேயிலோ தாராவியிலோ பத்துப் பேரை வைத்துச் சொந்தத் தொழில் நடத்துகிறீர்கள். ராஜிநாமா கொடுத்தவரைக் கடைசி நாட்களில் அழைத்து விசாரிக்கும் எக்ஸிட் இன்டர்வியூ, பெரிய கம்பெனிகளில் வழக்கமாகிவிட்டது. சிறு பட்டறைகளில் அதுவும் இல்லை. நன்றிகெட்டவன் என்ற வசையோடு கணக்கு முடிந்துவிடும்.

"ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில் யாவரும் அறிந்ததே. நல்ல வாய்ப்பு கிடைத்தது என்பார். ஊரில் தாயாருக்குச் சுகமில்லை என்பார். அதில் பாதி மெய். மறுபாதியை எப்படிச் சொல்வார்? ரிலீவிங் லெட்டர் இன்னும் உங்கள் மேஜையின்மேல் அல்லவா இருக்கிறது!

யாக்கோபை எண்ணிப் பாருங்கள். 14 வருஷம் உழைத்தபின் தன்னை அனுப்பிவிடும்படி அவன் கேட்டபோது, லாபான் சம்பளத்தைப் பற்றி விசாரித்தானேயன்றி, போக விரும்பும் காரணத்தை விசாரிக்கவில்லை. இன்னும் 6 வருஷம் சென்றது. யாக்கோபு சொல்லாமலே புறப்பட்டான். 7 நாள் பிரயாணம் துரத்திச்சென்று, கீலேயாத் மலையில் அவனைப் பிடித்த பிறகுதான் ஏன் ஓடினாய் என்ற கேள்வி பிறந்தது. பயந்து ஓடினேன் என்பதே பதில். சம்பளம் பத்துமுறை மாற்றப்பட்ட மனக்கசப்பையும் அன்றுதான் மாமனின் முகத்துக்கு நேராகக் கொட்டினான்.

ஆகையால் முதலில் பயத்தை நீக்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜிநாமா செய்தவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தை 2 வேலைநாட்களுக்குள் கொடுத்துத் தீரவேண்டும். பணத்தையும் சான்றிதழையும் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வியைத் தொடங்குங்கள். அவரை நேரடியாக வேலைவாங்கிய மேனேஜர் அந்த அறையில் இருக்கலாகாது.

"வேறு வேலை தேடலாம் என்று முதன்முதல் எப்போது தோன்றியது? அன்று என்ன நடந்தது?" இந்தக் கேள்வியையே நான் முதன்மையாக எண்ணுகிறேன். காரணத்தைக் கேட்டால் மனிதர் நியாயம் கற்பிப்பார். நாளைக் கேட்டால் சம்பவத்தைச் சொல்லுவார். பிறகு, "அதை இங்கே யாரிடமாவது சொன்னீர்களா? சொன்னபோது என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவரை எதைக்குறித்து எச்சரிப்பீர்கள் என்றும் கேட்கலாம். புதிய இடத்தில் சம்பளம் எவ்வளவு, குழந்தை எப்போது என்பவை வேண்டாத விசாரணைகள்.

பெண்களின் காரியத்தில் கூடுதல் கவனம் தேவை. 2023-ல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.சி.எஸ். நிறுவனத்தில், ஆண்களைவிடப் பெண்களே அதிக விகிதத்தில் விலகினர். அதற்குமுன் அப்படி இருந்ததில்லை என்று அதன் மனிதவளத் தலைவரே அறிவித்தார். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ததால் குடும்ப ஏற்பாடுகள் மாறிப்போனதே காரணமாயிருக்கலாம் என்றார். அதையும் தம்முடைய ஊகமாகவே சொன்னார். அப்போது 6 லட்சம் பேருக்கு மேல் இருந்த நிறுவனத்திலேயே ஊகம்தான்! "வேலைநேரமோ பயணமோ மாறியிருந்தால் இருந்திருப்பீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் இது வெளிவரும். பாலியல் தொல்லையைக் குறித்து ஒருத்தி வாய்திறந்தால், அதைக் குறிப்பேட்டில் எழுதி மூடிவிடாதீர்கள். 10 பேர் உள்ள இடத்தில் உள் புகார்க் குழு இருக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அந்த வழியை அவளுக்குக் காட்டுங்கள்.

அவர் பேசும்போது எதிர்வாதம் செய்யாதீர்கள். அவருடைய வார்த்தைகளையே எழுதிக்கொள்ளுங்கள். சிறு பட்டறையில் ஒருவர் மாத்திரம் போயிருந்தால், யார் சொன்னது என்பது சூப்பர்வைசருக்கு உடனே விளங்கிவிடும். இரண்டு மூன்று பேருடைய சொல் சேரும்வரை பொறுத்திருந்து பேசுங்கள். புதிய இடத்தில் அவர் முதல் சம்பளம் வாங்கியபின் ஒருமுறை போன் செய்து, அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லாததை அப்போது சொல்லுவார்.